ஒரு மணிக்கூர் வாசித்தும் ஏறாதது ஏன்? வீட்டில் பியானோ பழகும் பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சாரே, பிள்ளை தினமும் ஒரு மணிக்கூர் கீபோர்டு முன்னாடிதான் இருக்கா. ஆனா ஒண்ணும் ஏறல்ல."

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோரிடம் நான் அதிகம் கேட்டது இந்தப் பேச்சைத்தான். பெரும்பாலும் பிள்ளை மேல் குற்றம் இருக்காது. அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒருநாள் ஒரு வீட்டுக்கு வகுப்புக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். உள்ளே எட்டு வயதுப் பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் வெளியே உட்கார்ந்து கேட்டேன். 16 பார், அதாவது 16 தாளக்கட்டம், உள்ள சின்னப் பாட்டு. முதல் வரி ஜோராக வந்தது. ஒன்பதாவது பாரில் இடது கை தடுக்கியது. உடனே முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி ஒன்பதில் தடுக்கல், மறுபடி தொடக்கம். நான் எண்ணி 11 முறை. ஏற்கெனவே நன்றாக வரும் வரியை 11 முறை வாசித்திருக்கிறாள். வராத பாரையோ 11 முறை தப்பாகவே வாசித்துப் பழகியிருக்கிறாள். எதைத் திரும்பச் செய்தாலும் விரல் அதைப் படித்துக்கொள்ளும், தப்பாக இருந்தாலும்.

எங்கே தடுக்கியது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கை சி, ஈ, ஜி என்ற மூன்று கட்டைகளையும் சேர்த்துப் பிடித்துவிட்டு பி, எஃப், ஜி-க்கு மாற வேண்டும். சுண்டுவிரல் சி-யிலிருந்து ஒரு கட்டை இறங்கும், ஆள்காட்டி விரல் எஃப் மேல் போய் அமரும், கட்டைவிரல் ஜி-யிலேயே இருக்கும். அவளுக்கு நடுவிரல் ஈ-யை விட்டு எழும்பவே இல்லை. அவ்வளவுதான் சிக்கல். அந்த இரண்டு பிடிகளை மட்டும் இடது கையால் மெல்ல மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்த பிறகு வலது கையைச் சேர்த்தோம். அப்புறம் எட்டாவது பாரிலிருந்து பத்தாவது பார் வரை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால் கடிகாரத்தைப் பார்த்து உட்காரவைக்காதீர்கள். "இன்னைக்கு அந்த ஒன்பதாவது பாரை மட்டும் சரிபண்ணு மக்களே" என்று சொல்லுங்கள். இசைக்குறிப்பு நோட்டில் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தால் போதும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 10 அல்லது 15 நிமிடம் தாராளம். பெரிய பிள்ளை என்றால் அரைமணியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க மூடி வைத்துவிட்டு, ஞாயிறு வகுப்புக்காகச் சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது பலன் தராது. தூங்கி எழுந்து மறுநாள் தொடும்போதுதான் முந்தின நாள் படித்தது கையில் நிற்கும். ஒரே ராத்திரியில் எத்தனை நேரம் வாசித்தாலும் அந்த மறுநாள்கள் கிடைக்காது.

ஸ்கேல், அதாவது ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது, பழகும்போது விரல் எண்ணை (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) அலட்சியம் செய்வது அடுத்த தவறு. சி-யில் தொடங்கும் சி மேஜர் ஸ்கேலுக்கு வலது கையில் 1-2-3-1-2-3-4-5 என்று வரும். அதே பழக்கத்தில் எஃப் மேஜரையும் வாசித்தால் கட்டைவிரல் நேராகக் கறுப்புக் கட்டையில் போய் விழும். அதற்கு 1-2-3-4-1-2-3-4 என்று போக வேண்டும். அண்ணன் வயலின் படிக்கும் வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. வயலினில் ஆள்காட்டி விரல்தான் 1, பியானோவில் கட்டைவிரல் 1. அண்ணன் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க வந்தால் முதலில் இதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்.

உட்காரும் இடம். கீபோர்டைக் கட்டில்மேல் போட்டு, பிள்ளை சம்மணமிட்டுக் குனிந்து வாசிப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். மணிக்கட்டு கீழே தொங்கினால் நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பலமே வராது. முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வர வேண்டும். கால் தரையில் எட்டாவிட்டால் கீழே ஒரு மணையைப் போடுங்கள்.

நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கத்தான் கீபோர்டு தொடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அங்கிருந்து ஒரு பழக்கம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பாடுகிறவர் தன் சுருதியை "நாலரைக் கட்டை" என்று சொன்னால், எஃப்-க்கு அடுத்த கறுப்புக் கட்டையான எஃப் ஷார்ப்பை ஆதாரமாக வைத்து வாசிக்க வேண்டும். பிள்ளையோ சுருதியைத் தானாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு சி-யிலேயே வாசிக்கும். ஆராதனை நடுவே அவசரத்துக்கு அழுத்துவதில் தப்பில்லை. வீட்டில் பழகும்போது அந்தப் பட்டனைத் தொடவே கூடாது. தொட்டால் கறுப்புக் கட்டைகள் கடைசிவரை அந்நியமாகவே இருந்துவிடும். தானாகத் தாளம் போடும் ஸ்டைல் பட்டனும் அப்படித்தான். தாளத்தைப் பிள்ளை வாய்விட்டு எண்ணட்டும்.

கட்டைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினால் கண் நோட்டைப் பார்க்காது, கட்டையையே பார்க்கும். ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். 61 கட்டை கீபோர்டில் நடு சி இடமிருந்து மூன்றாவது சி. 88 கட்டைப் பியானோவில் அது நாலாவது. ஸ்டிக்கரையே நம்பிப் படித்த பிள்ளை பெரிய பியானோ முன் உட்கார்ந்ததும் திகைத்துப்போகும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசை கிரேடு தேர்வு எழுதவைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். எதற்குப் பதிகிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

வாங்கும்போது, அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடிக் குறையும் டச் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்ற இசைக்கருவிக் கைவினைஞர் பியானோவைச் செய்ததே மெல்லவும் உரக்கவும் வாசிக்கத்தான். பியானோ என்ற சொல்லுக்கே மெல்ல என்றுதான் பொருள். எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம் தரும் கருவியில் விரல் எதையும் கற்றுக்கொள்ளாது.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஜன்னலை ஒட்டிக் கருவியை வைக்க வேண்டாம். உப்புக்காற்று கட்டைகளுக்கு அடியில் இறங்கினால் சில கட்டைகள் சத்தமே தராது, சில திடீரென்று அலறும். பிள்ளை தான்தான் தப்பு செய்வதாக நினைத்துக்கொள்ளும். வாசித்து முடித்ததும் துணியால் மூடிவிடுங்கள். மரப்பியானோ வைத்திருப்பவர்களுக்கு இங்கே கவலை கூடுதல். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரத்தில் மரம் ஊதும், சுருதி நகரும்.

அடுக்களையிலிருந்து "தப்பு! மறுபடி முதல்லருந்து வாசி!" என்று குரல் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவள் அம்மையிடம் கேட்டேன். அவர்கள் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான்தான் சார் அப்படிச் சொல்லுவேன்" என்றார்கள். இப்போது அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். நோட்டு வாசிக்கத் தெரியாது. "எந்த இடம் மக்களே?" என்று மட்டும் கேட்கிறார்கள். பிள்ளை பென்சில் வட்டத்தைக் காட்டுகிறாள்.