தடைக்கால நிவாரணம் வரவில்லையா? ஆர்டிஐ மனு எழுதலாம்

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்கான நிவாரணம் பாம்பனில் பக்கத்து வீட்டுக்கு வந்து நமக்கு மட்டும் வரவில்லை என்றால், ஆபீசில் பெரும்பாலும் 'வரும், போங்க' என்பார்கள். ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், எழுதிக் கேட்டால் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். 1997-லேயே தமிழ்நாடு தகவல் கேட்கும் உரிமைக்குத் தனிச்சட்டம் போட்டது. இன்று நாம் மனுப் போடுவது 2005-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ். கட்டண விதி மட்டும் மாநில அரசுடையது.

ஒரு வெள்ளைத்தாள் போதும். மேலே 'பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு மீன்வளத் துறை அலுவலக முகவரியை எழுதுங்கள். தகவல் வேறு துறையிடம் இருந்தால் அவர்களே 5 நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டும். பொருள்: 'பிரிவு 6(1)-ன் கீழ் தகவல் கோருதல்'.

அடுத்து கேள்வி. இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். என் முதல் மனுவில் 'எங்களுக்கு ஏன் தரவில்லை?' என்று அரைப்பக்கம் பொங்கியிருந்தேன். 'விளக்கம் கேட்பது தகவல் ஆகாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. எரிச்சல்தான், ஆனாலும் அவர்கள் சொன்னது சரி. அவர்களிடம் தாளாக இருப்பதைத்தான் கேட்க முடியும். இப்படி:

'என் விண்ணப்பத்தின் (எண், தேதி) மீது இன்றுவரை எடுத்த நடவடிக்கைக்கான கோப்பின் நகல். நிராகரித்திருந்தால் அந்த உத்தரவின் நகல். இந்த ஆண்டு நிவாரணத்துக்கான அரசாணையின் நகல்.'

எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட விவரம் என்று மறுத்துவிடுவார்கள்.

கட்டணம் 10 ரூபாய். கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் வாங்கி மனுவில் ஒட்டிவிடுவது சுலபம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அதற்கான சான்றின் நகலை இணைத்தால் அதுவும் வேண்டாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், அவர்கள் கேட்கும்போது கட்டலாம்.

மனுவை ஜெராக்ஸ் எடுத்துத் தபால் ரசீதோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் தாள் நமத்துப்போகும்.

சரி, 30 நாளாகியும் பதில் இல்லையா? அதிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அப்போதுதான் அந்த ஜெராக்சும் ரசீதும் கைகொடுக்கும்.