இங்கிலாந்தில் பழைய வீடு வாங்குமுன்: தசமபாக நிலத்தின் கடமையைச் சரிபார்க்கும் முறை

பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவர்கள் வீடு வாங்கப் பணம் கொடுத்துதவும் பெற்றோர் டர்பனில் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே சில நிலங்களை வாங்குவோர்மேல், ஊர்க் கிறிஸ்தவக் கோவிலின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் பழைய கடமை விழக்கூடும். அதைச் சரிபார்க்கும் முறையை அந்தப் பெற்றோருக்காகவே எழுதுகிறேன்.

இங்குள்ள நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் மனமுவந்து படைக்கும் தசமபாகம் வேறு. இங்கிலாந்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சட்டமே வாங்கித் தந்தது. அதில் தானியத்தின் பங்கு 'ரெக்டர்' எனப்பட்ட தலைமைக் குருவுக்கு உரியது. பல ஊர்களில் அந்த இடத்தில் மடங்களே இருந்தன. எட்டாம் ஹென்றி 1536, 1539 சட்டங்களின் துணையோடு மடங்களைக் கலைத்து, அவற்றின் உடைமைகளை அரசுக்கு எடுத்து விற்றபோது, தசமபாக உரிமை குருமார் அல்லாத நிலக்கிழார்களின் கைக்குப் போயிற்று. கோவிலின் திருப்பீடப் பகுதியை ('சான்சல்') பழுதுபார்க்க ரெக்டருக்கு இருந்த கடமையும் கூடவே போயிற்று. விளக்கெரிக்க விட்ட மானியத்தை உண்பவர் விளக்கை அணையவிடலாகாது என்ற நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பின்னாளில் தசமபாகத்துக்கு ஈடாக நிலம் ஒதுக்கிய ஊர்களில், கடமை அந்த நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ ஊரில் அத்தகைய பண்ணைக்கு உரிமையாளரான தம்பதியர், அக்கடமையை எதிர்த்து, அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை வழக்காடியும் 2003இல் தோற்றனர்.

முதலில் நிலப் பதிவகத்திலிருந்து அந்த வீட்டின் பதிவேட்டு நகலைப் பெற்று, பொறுப்புகள் பகுதியில் 'சான்சல்' பழுதுபார்ப்புக் குறிப்பு இருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2013 அக்டோபர் 13க்குப் பிறகு, குறிப்பு இல்லாத பதிவு நிலத்தை விலைகொடுத்து வாங்கிப் பதிந்தவரை அக்கடமை பொதுவாகப் பற்றாது. ஆனால் விற்பவர் அந்த நாளுக்கு முன்பே உரிமையாளராக இருந்தாலோ, அதை வாரிசாகவோ தானமாகவோ பெற்றிருந்தாலோ, உங்கள் பெயருக்குப் பதிவாகுமுன் புதிதாகக் குறிப்பு ஏற இடமுண்டு. ஆகவே கையெழுத்திடும் தறுவாயில் மறுபடியும் பாருங்கள்.

ஐயம் நீடித்தால், லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1936ஆம் ஆண்டுத் தசமபாகச் சட்டத்தின்கீழ் தயாரான பதிவுகளை, ஐ.ஆர். 104 என்ற வரிசையில், தேடச் செய்யலாம். இதற்கென்றே காப்பீடும் கிடைக்கிறது. அதை எடுக்குமுன் அந்த ஊர்க் கோவில் நிர்வாகத்துக்கு எழுதி விசாரித்துவிடாதீர்கள். விசாரித்த செய்தி தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிடக்கூடும்.