வானோடு வன்னிக்குப் போகிறவர்களுக்கு

பெட்டியில் எதை அடுக்குவது என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. ஊரில் நாங்கள் ஓட்டிய வான் ஒன்றைப் பற்றியும் காணி அலுவலாகப் போன அரசாங்கக் கந்தோர் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜேர்மனியில் ஓய்வூதியம் தொடங்கிய கையோடு நானும் மனைவியும் படுக்கை, அடுப்போடு உள்ள பழைய வோன்மொபில் வாகனம் ஒன்று வாங்கினோம். நோர்வே வரை அதில் போய்வந்தோம். ஊருக்கும் இப்படியே போனால் என்ன என்று கேட்டது நான்தான். யாருக்கும் கரைச்சல் இல்லை, யார் வீட்டிலும் தங்கத் தேவையில்லை என்றேன். "யார் வீட்டில எண்டு சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி. நான் பதில் சொல்லவில்லை.

கொழும்புப் பக்கம் வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய டொல்பின் வான். பின்சீற்றுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், ஒற்றை அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி எல்லாம் பூட்டியிருந்தார்கள். ஜேர்மன் லைசென்சை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சர்வதேச அனுமதியைக் கையோடு கொண்டுபோய், அதற்கு அங்கே அங்கீகாரம் எடுத்த பிறகு ஓடுங்கள். இடப்பக்கம் ஓடுவது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது சிக்னல் தடிதான். ஜப்பான் வாகனத்தில் அது வலக்கைப் பக்கம். வவுனியா வரும்வரை ஒவ்வொரு சந்தியிலும் நான் கொளுத்துகிற வெயிலில் வைப்பர் போட்டுக்கொண்டுதான் திரும்பினேன்.

எங்கள் வழி மாங்குளத்தில் கிழக்கே திரும்புகிறது. ஆனாலும் மனைவி விடவில்லை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் இன்னும் வடக்கே ஓடி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பிவந்தோம். திரும்புகிற வழியில் கற்சிலைமடு. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 31.10.1803 அன்று வொன் ட்ரிபேர்க் என்ற கப்டனிடம் தோற்றதாகக் கல் நட்ட இடம். ஆங்கிலேயனின் படையில் ஜேர்மன் பெயர்! அந்த நாட்டுப் பாஸ்போட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு அங்கே நிற்க எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

இரவில் வானை எங்கே விடுவது? வன்னியில் நாங்கள் ஓடிய வழியில் கரவன் தரிப்பிடம் என்று ஒன்றையும் காணவில்லை. பெற்றோல் செட்டில் கேட்டால் விடுவார்கள், கோயில் வெளிவீதியில் ஐயரிடம் கேட்டால் விடுவார்கள். இராணுவ முகாம் பக்கத்தில் ஒதுக்கவே வேண்டாம். பற்றைக்குள் இறக்காதீர்கள், சிறுநீருக்கு ஒதுங்குவதென்றாலும் ஆட்கள் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக வெடியும் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் வானே வேண்டாம். முல்லைத்தீவுப் பக்கத்து வட்டுவாகல் பாலம் ஒடுக்கம். மழைக்கு அதன்மேல் தண்ணீர் பாயும்.

உறவினர் வளவில் முதல் இரவே வானுக்குள் படுக்காதீர்கள். நாங்கள் படுத்தோம். விடிய, சித்தி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து வானின் கதவில் தட்டினா. "வீடு கிடக்க வாகனத்துக்க படுக்கிறியோ தம்பி? ஊர்ச்சனம் என்னை என்ன சொல்லும்?" அவவுக்கு 86 வயது. அவ்வளவு தூரம் நடந்ததற்கு மூச்சு வாங்கியது. நோர்வேயில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வளவு ஐயாவுடையது. அறுபதுகளில் குளத்துக் குடியேற்றத்தில் அரசாங்க அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்த பெர்மிற் காணி. குளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் கந்தோரும் தெரிந்துவிடும். எழுபதுகளில் சிறிமா அரசாங்கம் மிளகாய் இறக்குமதியை இறுக்கியபோது எங்கள் ஆட்கள் செத்தல் மிளகாயில் நிமிர்ந்தார்கள். ஐயா கல்வீடு கட்டினார், லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வாங்கினார். 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக என்னை அனுப்ப அதே லான்ட்மாஸ்ரரை விற்றார்.

இப்போது அங்கே இருப்பது சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை. இரண்டாம் நாள் காலைத் தேத்தண்ணியோடு கேட்டான்: "அண்ணை, பெர்மிற்றை என்ரை பேருக்கு மாத்த உங்கட கையெழுத்து வேணும்." எனக்குச் சுள்ளென்று வந்தது. கேட்காமலே கொடுத்திருப்பேன். கேட்டுவிட்டானே என்பதுதான் கோபம்.

பெர்மிற் காணி உறுதிக் காணி மாதிரி இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ் வருவது. நினைத்தபடி விற்கவோ எழுதவோ முடியாது. அனுமதி பெற்றவர் இறந்தால் முதலில் வாழ்க்கைத் துணைக்கு, பிறகு அவர் பெயர் குறித்தவருக்கு. பெயர் குறிக்காவிட்டால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி. 2022 திருத்தம் வரும்வரை அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்குத்தான் முன்னிடம். அம்மா முதலே போய்விட்டா, ஐயா யாரையும் குறிக்கவில்லை. ஆக, ஒரே பிள்ளையான நான் விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால் போதும் என்று தம்பி நினைத்திருந்தான்.

இதற்காகக் கந்தோருக்குப் போன முதல் நாள் காணிப் பிரிவு அலுவலர் வெளிக்களத்துக்குப் போய்விட்டார். பொதுமக்கள் நாள் எது என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டாம் நாள் கிராம சேவையாளரின் கடிதத்தில் தேதி இல்லையென்று திருப்பினார்கள். கிராம சேவையாளர் மத்தியானத்துக்குப் பிறகு இல்லை. மூன்றாம் நாள் பைல் வந்தது, கறையான் அரித்த ஓரத்தோடு. அதில் ஐயா "சின்னத்துரை". அடையாள அட்டையில் "துரைராசா". இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி வேண்டும் என்றார்கள். போகுமுன்பே உங்கள் அப்பாவின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பழைய தாள்களை எல்லாம் பரப்பிவைத்துப் பாருங்கள். அப்புறம், நான் ஜேர்மன் பிரஜை என்பதால் எனக்கு இந்தக் காணியில் உரித்து இல்லையாம். சரி, அப்படியென்றால் ஏன் கையெழுத்து? பைலுக்கு வேண்டுமாம். நான் சத்தம் போட்டேன். ஜேர்மனியில் 37 வருடமாக ஒரு கந்தோரிலும் நான் சத்தம் போட்டதில்லை.

பைலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கந்தோர்ப் பெண்பிள்ளைக்கு என் மகளின் வயது இருக்கும். அமைதியாக அடுத்த தாளைப் புரட்டி, "மரண அத்தாட்சி இல்லையே ஐயா" என்றா.

1998 மார்கழியில் ஒட்டுசுட்டான் ஆமியிடம் போனபோது ஐயாவும் சித்தப்பா குடும்பமும் இடம்பெயர்ந்தார்கள். அடுத்த வருடம் விசுவமடுவில், யாரோ ஒருவருடைய வளவில் ஐயா போய்ச் சேர்ந்தார். ஒருவரும் பதியவில்லை. ஏ9 பூட்டியிருக்கிறது, போக வழியில்லை என்று நான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். உண்மைதான். 2002இல் பாதை திறந்தது. அப்போதும் போகவில்லை.

"பிந்திப் பதியலாம். ஆனா சாட்சி வேணும். நீங்கள் பிரேதத்தைப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப நீங்கள் சாட்சி சொல்லேலாது. பாத்த ஆள்தான் சொல்ல வேணும்."

தம்பி கையை உயர்த்தினான், பள்ளிக்கூடத்தில் உயர்த்துவதைப் போல. "நான்தான் கொள்ளி வைச்சது."

இது எனக்கு அதுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அந்தப் பிள்ளை அவன் பெயரை எழுதிக்கொண்டா.

இறப்பு நடந்தபோது பக்கத்தில் இருந்தவர் யார் என்று நாட்டுக்கு ரிக்கற் போடுமுன் கண்டுபிடியுங்கள். அடக்கம் செய்தவர், தகனம் செய்தவர், அந்த வளவுக்காரர், யாராவது. ஆட்கள் வயது போய்க்கொண்டிருக்கிறார்கள்.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கங்களில் பொழுதுபட்டால் யானை குளக்கட்டால் இறங்கும். அரிசி, உப்பு, பழம் மணந்தால் சுவரையே இடிக்கும், வான் எம்மாத்திரம். நாங்கள் வழியில் வாங்கிய பலாப்பழம் ஒன்று கட்டிலுக்குக் கீழே கிடந்தது. முதல் நாளே தம்பி அதை ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தான். எனக்கு அப்போது விளங்கவில்லை.

கந்தோரால் வந்த அன்றும் வானுக்குள்தான் படுத்தோம். நாலு மணிபோல வெளியே போக எழும்பினேன். வானின் பின்சக்கரத்தோடு ஒட்டிச் சாக்கு விரித்து அவன் படுத்திருந்தான். தலைமாட்டில் டோர்ச், ஒரு தீப்பெட்டி, பொலித்தீனில் சுற்றிய இரண்டு யானைவெடி. சாக்கைப் பார்த்தால் அது முதல் இரவு இல்லை. நான் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, விடியும்வரை அடக்கிக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.