நீள்வாளையும் பயிற்சியையும் அளந்து பார்க்கும் முறை

இரு கைகளாலும் பிடித்து வீசும் ஜெர்மானிய நீள்வாள் மரபைப் பயில்பவர்களுக்கு வெட்டு சரியாக விழாதபோது, குறை வாளில் உள்ளதா, கையில் உள்ளதா என்ற ஐயம் எழும். புதிய வாள் வாங்குவதற்கு முன் இரண்டையும் அளந்து பார்ப்பதே முறை.

ஃபெடர் எனப்படும் மழுங்கிய பயிற்சி வாளின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, அலகை ஒற்றை விரலில் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடம், அதாவது சமநிலைப் புள்ளி, குறுக்குக்காப்பிலிருந்து (பிடிக்கும் அலகுக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பி) எத்தனை சென்டிமீட்டர் தள்ளியுள்ளது என்று அளக்கவும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எடையும் சமநிலைப் புள்ளியும் ஒத்திருக்கும் இரண்டு வாள்கள்கூடக் கையில் வெவ்வேறு விதமாகச் சுழலக்கூடும் என்பதால் அது போதாது. குறுக்குக்காப்பை ஒட்டிக் கைப்பிடியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்து, நுனி தரையை நோக்கித் தொங்க, கையை இடமும் வலமுமாக விரைந்து ஆட்டினால், அலகில் ஓர் இடம் மட்டும் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். அங்கே சாக்பீஸால் கோடிடவும். அந்தக் கோடு நுனியை ஒட்டி அமைந்தால், கையை நகர்த்தும்போதும் நுனி குறியை விட்டு எளிதில் விலகாது. நுனி கனக்கிறது என்று பிடியின் அடிக்குமிழில் ஈயம் சேர்ப்பவர்கள் உண்டு; சமநிலைப் புள்ளி பின்னுக்கு வரும், ஆனால் அலகில் ஒரு கிராம்கூடக் குறையாது.

பயிற்சியில் ஒரே அசைவை மட்டும் எடுத்துக்கொள்ளவும். ஜெர்மானிய வாள் ஆசான் லீக்டெனாவரின் மரபில் வரும் ஸோர்ன்ஹாவ், வலத்தோளிலிருந்து சாய்வாக இறங்கும் வெட்டு. வாள்கள் மோதி ஒட்டியபின் எதிராளியின் அழுத்தம் மென்மையாக இருந்தால் முகத்தை நோக்கிக் குத்த வேண்டும். வலுவாக இருந்தால் வாளை மேலே எடுத்து மறுபக்கம் வெட்ட வேண்டும். எது வரும் என்று சொல்லாமல் கூட்டாளியை 20 முறை அழுத்தத்தை மாற்றித் தரச் சொல்லி, எத்தனை முறை சரியாகத் தேர்ந்தீர்கள் என்று எழுதிவைக்கவும். செல்பேசியில் மெதுவியக்கத்தில் பதிவு செய்து, கைக்கு முன் கால் நகர்கிறதா என்றும் பார்க்கவும். கால் முந்தினால், வாள் வருவதற்குள் உங்கள் தலை எதிராளியின் வாள் எட்டும் தூரத்துக்குள் போய்விடும். அடுத்த வாரம் கையுறையையோ வாளையோ, ஒன்றை மட்டும் மாற்றி, அதே 20 முறையை மீண்டும் செய்யவும்.

முகக்கவசத்தில் 1600 நியூட்டன் என்று அச்சிட்டிருப்பது அதன் அடியில் தொங்கும் கழுத்துத் துணி துளைபடாமல் தாங்கும் அளவையே குறிக்கிறது. ஓங்கி விழும் அடியை அல்ல. பின்மண்டைக்குத் தனி உறை அணியாமல் வாளெடுக்க வேண்டாம்.