மதுரையில் ஓர் இரவு: தாயகம் வருவோர் நேரம் பார்த்துச் சுற்ற

தூங்கா நகரம் என்ற பேரை நம்பி இரவு பதினொன்றரைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் மதுரையில் ஏமாந்து போகிறார்கள். ஊர் விடிய விடிய விழித்திருப்பது உண்மை. ஆனால் எல்லாத் தெருவும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. கறிதோசைக் கல் சூடேறுவது 7 மணிக்கு மேல். மீனாட்சியம்மன் கோயிலின் அழகான நேரம் 9 மணிக்கு மேல். பூச்சந்தைக்கு விடியலுக்கு முன்னால் போக வேண்டும். இந்த வரிசை தெரிந்தால் போதும், வழிகாட்டி என்று யாரும் கூட வரத் தேவையில்லை.

தங்குமிடத்தைக் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் எல்லா விலையிலும் அறை கிடைக்கும், ரயில்வே ஜங்ஷனும் பக்கம். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள்: முதலில் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நான்கு பக்கம். வழி தப்பினால் "இது எந்த வீதிண்ணே?" என்று கேட்டால் போதும், தெற்கு மாசி என்றால் நீங்கள் நிற்கும் இடம் உடனே பிடிபடும்.

மாலை 6 மணிக்குப் பருத்திப்பாலில் தொடங்கலாம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் இருக்கும். தள்ளுவண்டியில் விற்பதுதான் பெரும்பாலும். ஆவி பறக்கக் குடித்தால்தான் ருசி, ஆறினால் கெட்டிப்பட்டு ஆடை கட்டிவிடும்.

ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் பக்கம் போங்கள். அடியில் ஊறிய கடற்பாசியோ பாதாம் பிசினோ, மேலே நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், கடைசியில் ஐஸ்கிரீம். 'ஸ்பெஷல்' என்றால் பாசுந்தி சேரும். முதல் தடவைக்குச் சாதாவே போதும், ஸ்பெஷல் ஒரு கிளாஸ் குடித்தவர் கறிதோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுவார். அந்த வட்டாரத்திலேயே தீபாவளிக்கு முந்தைய இரவு விடிய விடிய ஜவுளி வியாபாரம் நடக்கும். அன்றைக்கு ஆட்டோ உள்ளே வராது, நடைதான். புது மண்டபத்துத் தையற்காரர்களைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு சேதி: அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியாகிவிட்டது.

கோயிலுக்கு 8.30க்குள் உள்ளே போய்விடுங்கள். 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசிக்குத் தடை, வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். கிழக்கே செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு மேற்கு வாசலில் வெளியே வந்தால், வெறுங்காலோடு பாதிக் கோயிலைச் சுற்ற வேண்டியதுதான். உள்ளே போன வாசலிலேயே வெளியே வருவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அரைக்கால் சட்டை கூடாது. பெண்களுக்குப் புடவை அல்லது துப்பட்டாவோடு சுடிதார் தொல்லை இல்லாதது. வெளிநாட்டுச் சாயல் உடையைப் பார்த்துக் கருவறைப் பக்கம் நிறுத்தி இந்துவா என்று கேட்பதுண்டு. தமிழில் பதில் சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜை. சுந்தரேசுவரரின் வெள்ளிப் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளமும் நாதசுரமும் சூழ, அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். சுவாமி சந்நிதியிலிருந்து பல்லக்கு கிளம்பும்போதே நல்ல இடம் பிடித்து நின்றுவிடுங்கள். அம்மன் சந்நிதி வாசலில் கடைசி நிமிடத்தில் முண்டினால் முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். 10 மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள். பட்டப்பகலில் வரிசையில் நின்று பார்க்கும் கோயிலைவிட இந்த ஒரு மணி நேரம் எவ்வளவோ மேல்.

கறிதோசை சிம்மக்கல் பக்கத்துக் கோனார் கடையால் பேர்பெற்றது. கனமான தோசை, அதன் மேல் முட்டை, அதற்கும் மேல் மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி. திருப்பிப் போட்டு வேகவைப்பார்கள். ஆளுக்கு ஒன்று தாராளம். கோயிலுக்கு முன் அசைவம் வேண்டாம் என்பவர்கள் 10 மணிக்குப் பிறகு போகலாம். கறி தீர்ந்துபோகும் அபாயம் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதற்குப் பிறகு பரோட்டாக் கடைகள். யாழ்ப்பாணத்துக் கொத்து ரொட்டியை நினைத்துக்கொண்டு கொத்து பரோட்டா கேட்பவர்களுக்கு இது வேறு பண்டம்: பரோட்டாவை முட்டை, வெங்காயத்தோடு சால்னா ஊற்றிக் கொத்துவதால் ஈரமாக இருக்கும். உலர்வாக வேண்டுமென்றால் "சால்னா கம்மியா போடுங்க மாஸ்டர்" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கல்லில் நிற்பவர் மாஸ்டர், பரிமாறுகிறவர் அண்ணே. பாதி வெந்து குழைவாக எடுக்கும் முட்டைக்குக் கலக்கி என்று பேர், இதை இங்கே சாப்பிடாமல் போகாதீர்கள்.

வயிறு கெடுவது பெரும்பாலும் பரோட்டாவால் இல்லை. தேங்காய்ச் சட்னியாலும் தண்ணீராலும்தான். மாலையில் அரைத்த சட்னி கோடைப் புழுக்கத்தில் நள்ளிரவுக்குள் புளித்துவிடும். நேரம் கடந்த இட்லிக்குச் சாம்பாரோ, கொதிக்கும் சால்னாவோ கேளுங்கள். பாட்டில் தண்ணீரின் மூடி 'டக்'கென்று உடைந்தால்தான் புதுசு.

மது தேடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை, 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்தோடு உட்கார வேண்டுமென்றால் பெரிய ஓட்டல் பார்கள்தான். காந்தி ஜெயந்தி, குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களில் எல்லாம் மூடல். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம்.

இரவு ஆட்டோவில் மீட்டரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வாடகை வண்டிச் செயலியில் வாடகை எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். சில செயலிகளில் ஓடிபி வர இந்திய எண் வேண்டும், சிம் வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் கேட்பார்கள். தள்ளுவண்டிக்காரர் வரை எல்லோரும் க்யூஆர் அட்டை வைத்திருப்பார்கள், ஆனால் வெளிநாட்டு வங்கி அட்டை அங்கே உதவாது. 50, 100 ரூபாய்த் தாள்களாகப் பகலிலேயே மாற்றி வையுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

சித்திரை மாதத் திருவிழா வந்தால் மேலே சொன்ன நேரக் கணக்கெல்லாம் தலைகீழ். அழகர் வைகையில் இறங்குவதற்கு முந்தைய இரவு தல்லாகுளம் முழுக்க சனம்தான். இறங்கிய மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் காட்சி. அறையை மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், குழந்தைகள் சட்டைப்பையில் போன் எண் எழுதி வையுங்கள்.

விழித்தே இருந்துவிட்டால், விடியலுக்கு முன் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி, தை பனியில் வரத்துக் குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரங்களில் ஏறும். மொட்டு இறுக்கமாக, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். விரியத் தொடங்கியது மதியம் தாங்காது. முழம் போடும்போது கை யாருடையது என்பதையும் கவனியுங்கள், குட்டைக் கைக்கு முழமும் குட்டை. தண்ணீர் தெளிக்காமல் வாழையிலையில் சுற்றினால் மாலை வரை நிற்கும், நனைத்தால் பழுத்துவிடும். சந்தையை விட்டு வெளியே வந்தால் பேருந்து நிலையத்தில் டீக்கடை திறந்திருக்கும். கோயில் நடையும் அந்நேரம் திறந்துவிடும்.