படிக்க உக்காந்தாலே மனசு எங்கயோ ஓடுதா? தப்பு எங்க நடக்குதுன்னு பாக்கலாம்

புக்கைத் தொறந்து ஒரு மணி நேரம் ஆயிருக்கும், பக்கமும் பத்து பதினஞ்சு திரும்பியிருக்கும், ஆனா என்ன படிச்சேன்னு யாராவது கேட்டா முழிக்கணும். இந்த அனுபவம் இல்லாத ஆளே கிடையாது. உடனே நாம எல்லாரும் சொல்றது ஒன்னுதான், "எனக்கு கான்சன்ட்ரேஷனே இல்லைங்க". என்னவோ உயரம் மாதிரி பொறக்கும்போதே அளந்து குடுத்தாங்க, நமக்கு மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போட்டுட்டாங்கங்கற மாதிரி. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். ஆனா மனசு ஓடுறது யாருக்கும் உள்ளதுதான், 2010-ல ஹார்வர்டுல கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட்னு ரெண்டு பேர் ஒரு ஐபோன் ஆப் வச்சு, ஆளுங்க ஏதாவது வேலையில இருக்கும்போது திடீர்னு "இப்ப மனசு எங்க இருக்கு"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க, கிட்டத்தட்ட 47 சதவீதம் தடவை மனசு செய்யுற வேலையில இல்லைன்னுதான் பதில் வந்துச்சு. சும்மா பாதி நேரம் அது வெளியதான் சுத்துது. அதனால ஓடாம கட்டிப் போடுறது எப்படின்னு யோசிக்கறதை விட, உக்கார வச்ச இடத்துல அதுக்கு வேலை ஏதாவது குடுத்தோமான்னு பாக்கணும். பெரும்பாலும் குடுத்திருக்க மாட்டோம்.

(அப்புறம் "மனுஷனோட கவனம் 8 செகண்ட்தான், தங்கமீனை விடக் கம்மி"ன்னு ஒன்னு சுத்திக்கிட்டே இருக்கே, அதுக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. அதைக் காரணம் சொல்லித் தப்பிக்காதீங்க.)

என்னைக் கேட்டா முதல் தப்பு, "படிக்கறது"ன்னா கண்ணை வரி மேல ஓட்டுறதுன்னு நெனைக்கறது. காலேஜ்ல நான் ஒரு புக்கை மஞ்சள் ஹைலைட்டரால தீட்டித் தள்ளி, கடைசியில ஹைலைட் பண்ணாத வரிதான் எடுப்பா தெரியுற நிலைமைக்குக் கொண்டு வந்துட்டேன். பாக்க உழைப்பு மாதிரி இருக்கும், ஆனா கை மட்டும்தான் வேலை செய்யுது, மூளை லீவுல இருக்கு. திரும்பத் திரும்ப வாசிக்கறதும் இதே கதைதான். ரெண்டாவது தடவை வாசிக்கும்போது எல்லா வரியும் தெரிஞ்ச முகம் மாதிரி இருக்கும், தெரிஞ்சதுதானேன்னு மனசு கெளம்பிடும். 2006-ல ரோடிகர், கார்ப்பிக் ரெண்டு பேரும் பண்ணின ஒரு சோதனை இருக்கு, ஒரு பாடத்தை ஒரு குரூப் திரும்ப வாசிச்சாங்க, இன்னொரு குரூப் வாசிச்சுட்டுப் பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்ப திரும்ப வாசிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அப்படியே தலைகீழ். அந்த அஞ்சு நிமிஷ ஜெயிப்புதான் நம்மள ஏமாத்துது. 2013-ல டன்லாஸ்கியும் கூட இருந்தவங்களும் படிக்கற முறை பத்தை எடுத்து அலசினதுலயும் ஹைலைட், மறுவாசிப்பு ரெண்டும் கீழ் வரிசைக்குப் போச்சு, தனக்குத் தானே டெஸ்ட் வச்சுக்கறதும் இடைவெளி விட்டுப் பல நாளாப் பிரிச்சுப் படிக்கறதும் மேல வந்துச்சு.

இது ஞாபகசக்தி விஷயமாச்சே, கான்சன்ட்ரேஷனுக்கு என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சம்பந்தமே இங்கதான் இருக்கு, ஏன்னா கேள்வி ஒன்னு கையில இருந்தா மனசு அதைத் தேடிக்கிட்டே போகும், கேள்வி இல்லாட்டி அதுக்குத் தேட வேற விஷயம் ஆயிரம் இருக்கு. "இன்னைக்கு ஒளிச்சேர்க்கை படிக்கணும்"னு உக்காந்து பாருங்க, அப்புறம் "செடி வெளிய விடுற ஆக்ஸிஜன் தண்ணியில இருந்து வருதா, இல்ல கார்பன் டை ஆக்சைடுல இருந்தா?"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு அதே பக்கத்தை வாசிச்சுப் பாருங்க. (தண்ணியில இருந்துதாங்க, பாதிப் பேரு மாத்திதான் சொல்லுவாங்க.) ரெண்டாவது தடவை கண்ணு வரியை மேயாது, வேட்டையாடும். ஒவ்வொரு தலைப்பையும் இப்படிக் கேள்வியா மாத்த ரெண்டு நிமிஷம்தான் ஆகும், அதுக்கே சோம்பேறித்தனம் பட்டு ஒரு மணி நேரத்தைத் தொலைக்கறோம்.

இதோட ஒட்டின இன்னொன்னு, இதை யாரும் அவ்வளவா பேசறதில்ல. அடிப்படை புரியாத பாடத்துல உக்காந்துக்கிட்டு "கவனம் போகுது"ன்னு சொல்றது. ஒரே நேரத்துல மூளை கையில பிடிச்சு வச்சுக்கக்கூடிய விஷயம் சுமார் நாலுதான்னு சொல்றாங்க, அதுல ரெண்டு இடத்தை "சைன்னா என்ன, காஸ்னா என்ன"ங்கறதே அடைச்சுக்கிட்டா அப்புறம் கணக்குக்கு எங்க இடம்? மூளை திணறும், திணறினா நழுவி வேற எங்கயாவது போகும், நாம அதைக் கவனக்குறைவுன்னு பேரு வச்சுக்கறோம். இந்த மாதிரி இடத்துல எத்தனை மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தாலும் ஒன்னும் நடக்காது, ஒரு சாப்டர் பின்னாடி போய்ட்டு வரணும், அவ்வளவுதான்.

சரி, போன். இதைப் பத்தி அட்வைஸ் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போயிருக்கும், ஆனா நாம பண்ற தப்பு "சைலண்ட்ல போட்டுட்டேனே"ன்னு திருப்திப்படுறது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளருங்க 2017-ல போனை டேபிள் மேல வச்சவங்க, பாக்கெட்லயோ பையிலயோ வச்சவங்க, வேற ரூம்ல விட்டவங்கன்னு பிரிச்சு டெஸ்ட் வச்சாங்க, சத்தமே வராதபோதும் வேற ரூம்ல விட்டவங்க டேபிள்ல வச்சவங்களை விட நல்லா பண்ணினாங்க. அதுக்கப்புறம் வேற ஆளுங்க திரும்பப் பண்ணிப் பாத்தப்ப எல்லாத்துலயும் இதே ரிசல்ட் வரல, அதையும் சொல்லிடணும். ஆனா வேற ரூம்ல வைக்கறதுல நமக்கு என்ன நஷ்டம்? எழுந்து போகணுமேங்கற சோம்பேறித்தனம் ஒன்னே பாதியைத் தடுத்துடும். இன்னொரு ஆய்வு 2013-ல வந்தது, 263 ஸ்டூடண்ட்ஸை அவங்க வீட்டுலயே 15 நிமிஷம் படிக்கச் சொல்லிப் பக்கத்துல இருந்து பாத்தாங்க, யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சும் சராசரியா ஆறு நிமிஷம் கூடத் தாண்டாம வேற எதுக்கோ மாறிட்டாங்களாம்.

மெசேஜ் பாத்த அந்த அரை நிமிஷம் பெரிய விஷயம் இல்ல, பாத்துட்டுத் திரும்பி வரும்போது மனசுல பாதி அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் அடி. சோஃபி லெராய்னு ஒரு ஆய்வாளர் 2009-ல இதைத்தான் கவன எச்சம்னு பேரு வச்சு எழுதினாங்க, ஒரு வேலையை முடிக்காம இன்னொன்னுக்குத் தாவினா முதல் வேலை தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். இதுல ரொம்ப நல்லவன் மாதிரி வர்ற வில்லன் "ஒரு டவுட், கூகுள் பண்ணிட்டு வந்துடறேன்". டவுட்டுக்குப் போன ஆளு நாப்பது நிமிஷம் கழிச்சு வருவாரு, டவுட் அப்படியே இருக்கும். பக்கத்துல ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு வர்ற டவுட்டை எல்லாம் எழுதி வைங்க, கடைசியில மொத்தமா பாத்துக்கலாம்.

அதே பேப்பர் இன்னொன்னுக்கும் உதவும். படிக்கும்போதுதான் கட்ட வேண்டிய பில்லு, குடுக்க வேண்டிய ரெக்கார்ட் நோட்டு எல்லாம் வரிசையா ஞாபகம் வரும். அதை "நெனைக்கக் கூடாது"ன்னு அடக்குறதுதான் தப்பு, இன்னும் ஜாஸ்தியா வரும். எப்ப, எப்படி முடிப்பேன்னு ஒரு வரி எழுதிட்டா அந்தத் தொந்தரவு கொறையுதுன்னு மாசிக்கம்போ, பாமைஸ்டர் ரெண்டு பேரும் 2011-ல காட்டினாங்க. வேலையை முடிக்கக் கூட வேணாம், பிளான் இருந்தாலே மனசு விட்டுடுது.

எவ்வளவு நேரம் உக்காரணும்? நாலு மணி நேரம் எழுந்திருக்காம படிச்சேன்னு சொல்றதுல ஒரு பெருமை இருக்கு நம்மகிட்ட. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ரேடார் பாக்கறவங்க நேரம் ஆக ஆகச் சிக்னலைத் தவற விடுற பிரச்சினையை வச்சு மேக்வொர்த்னு ஒருத்தர் பண்ணின சோதனை 1948-ல வெளிவந்துச்சு, அதுல முதல் அரை மணி நேரத்துலயே கவனம் சரிஞ்சிடுச்சு. அது சும்மா ஒரு கடிகார முள்ளைப் பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி வேலை, நம்ம படிப்பு அந்த அளவுக்குப் போரடிக்காது (சில சப்ஜெக்ட் தவிர). 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் பிரேக் விடுற பொமடோரோ முறை நல்லதுதான், ஆனா அந்த 25-ஐ வேதவாக்கா எடுத்துக்கிட்டு, கஷ்டமான கணக்கு இப்பத்தான் பிடிபடுதுங்கற நேரத்துல டைமர் அடிச்சதும் எழுந்து போறதும் ஒரு தப்புதான். ஓடுதுன்னா ஓட விடுங்க. பிரேக்ல ரீல்ஸ் பாக்காதீங்க, அது பிரேக்கே இல்ல, நடங்க, ஜன்னல்ல வெளிய பாருங்க.

பாட்டு கேட்டுக்கிட்டே படிக்கறது, வரி இருக்கற பாட்டுன்னா வேணாம், நீங்க வாசிக்கற வார்த்தையும் பாட்டோட வார்த்தையும் தலைக்குள்ள ஒரே இடத்துக்கு முட்டிக்கும். மோசார்ட் கேட்டா மூளை கூர்மையாகும்ங்கறது 1993-ல வந்த ஒரு சின்ன ஆய்வை ஊதிப் பெருசாக்கினது, அதுலயே பலன் கால் மணி நேரத்துக்கு மேல நிக்கல.

தூக்கம் மட்டும் பேரம் பேச முடியாத விஷயம். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஆளு அளவுக்குத் தடுமாறுறோம்னு 1997-ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு. காலையில ஆறு மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கே அந்த 17 வந்துடுது, அதுக்கு மேல உக்காந்து புக்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. காபி குடிச்சா சரியாயிடும்னா, காஃபினோட பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், இன்னைக்கு ராத்திரி முழிப்பை நாளைக்குக் காலை மந்தத்துல கட்டுவீங்க. சின்ன வயசுல இருந்தே, படிப்புல மட்டும் இல்லாம எல்லா வேலையிலயும் கவனம் நிக்காம அவதிப்படுறவங்க இந்த டிப்ஸையெல்லாம் விட்டுட்டு டாக்டரைப் பாக்கறதுதான் சரி, ஃப்ரெண்டு குடுத்த மாத்திரையைப் போட்டுப் பாக்கறது வேணவே வேணாம்.

கடைசியா ஒன்னு, மனசு ஓடினது தெரிஞ்சதும் தன்னையே திட்டிக்கறது. திட்டுறதுக்கும் கவனம் செலவாகுதே. நான் அதை விட்டுட்டு, ஓடினதைக் கண்டுபிடிக்கற ஒவ்வொரு தடவையும் அந்த வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வைக்க ஆரம்பிச்சேன். முதல் நாள் அரை மணி நேரத்துல பதினாலு புள்ளி. சரி, நம்ம லட்சணம் இதுதான்னு புக்கைப் புரட்டிப் பாத்தா, பதினாலுல பதினொன்னு ஒரே பக்கத்துல குவிஞ்சு கெடக்கு. அந்தப் பக்கத்துக்கு முந்தின சாப்டரை நான் படிக்கவே இல்ல.