கல்லூரி நீச்சல் பயிற்சியாளர் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக நீந்துபவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்ற நம்பிக்கை நீச்சல் உலகில் இன்னும் சாகவில்லை. கல்லூரி அணியில் நீந்தி முடித்த கையோடு உதவிப் பயிற்சியாளராகச் சேர்பவர்கள் பலர், தங்களுக்குத் தரப்பட்ட பயிற்சியையே மாணவர்களுக்கும் தருகிறார்கள். 200 யார்டு பட்டர்ஃபிளை என்ற நீச்சல் வகைக்காக உருவான திட்டத்தை, 20 வினாடி சொச்சத்தில் முடிந்துபோகும் 50 யார்டு ஃப்ரீஸ்டைல்காரர் மீது சுமத்தினால் அவருடைய வேகம்தான் பலியாகும்.

இந்த வேலை முழுநேரத் தொழிலாக வேரூன்றியிருப்பது அமெரிக்காவில். எனவே அங்கு கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்ச மட்டமான முதல் பிரிவு அணிகளை வைத்தே பேசுகிறேன்.

தூரத்தை வைத்து உழைப்பை அளப்பதைத்தான் பெரிய தவறு என்பேன். வாரத்துக்கு இத்தனை ஆயிரம் யார்டு என்று எழுதிவைத்துவிட்டால் வேலை நடந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ஒரு நிமிடம் 10 வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து முறை 100 யார்டு ஃப்ரீஸ்டைல் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று முறை குளத்தின் ஒரு நீளத்துக்கு 13 கைவீச்சு. ஏழாவது முறை முழங்கை தண்ணீருக்குள் சரிகிறது, கைவீச்சு 16 ஆகிறது, சுவரைத் தொடும் நேரம் மட்டும் மாறவில்லை. ஸ்டாப்வாட்ச்சை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. உண்மையில் அந்த மாணவர் கடைசி நான்கு முறையும் தவறான கைவீச்சைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார். அதைத் தோளும் தாங்க வேண்டும். நீச்சல்காரர்களின் தோள்வலி பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை, இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் வருகிறது. பயிற்சியை ஏழாவதோடு நிறுத்தும் துணிச்சல் வேண்டும்.

கரையில் நின்று பார்த்தால் தெரிவது கை காற்றில் வரும் பாதி மட்டுமே. உடலை முன்னே தள்ளும் பாதி தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த டாக் கவுன்சில்மேன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நீருக்கடியில் படம்பிடித்து ஆராய்ந்தார். அவருடைய அணி 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு முறை தேசியப் பட்டம் வென்றது. இன்று நீர்புகா உறையில் போட்ட செல்பேசியே போதும். அப்படியிருந்தும் கரையிலிருந்தே "முழங்கையைத் தூக்கு" என்று கத்தும் பயிற்சியாளர்கள் இருப்பது எனக்குப் புரியாத புதிர்.

தூரப் பித்து விதிமீறலிலும் கொண்டுபோய் விடும். என்.சி.ஏ.ஏ. விதிப்படி போட்டிப் பருவத்தில் கட்டாயப் பயிற்சிக்கு நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம் உச்சவரம்பு; வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகவே கணக்கில் சேரும். இதைத் தாண்ட எல்லோரும் கண்டுபிடித்த வழி "விருப்பப் பயிற்சி". ஆனால் யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பெடுத்துவிட்டால் அது விருப்பப் பயிற்சி ஆகாது. மாணவர்களுக்கு இந்த விதி தெரியும். பயிற்சியாளருக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மூச்சடக்கிப் போகும் பயிற்சியைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. "யார் நீருக்கடியில் அதிக தூரம் போகிறீர்கள் பார்ப்போம்" என்ற போட்டி உயிரைக் குடிக்கும். நீரில் இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடுதான் குறைகிறது. மூச்செடுக்கச் சொல்லி உடலைத் தூண்டுவது அந்த கார்பன் டை ஆக்சைடு. தூண்டுதல் வருவதற்குள் மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்துபவர்களுக்கே இது நேர்கிறது, இடுப்பளவு தண்ணீரிலும் நேர்கிறது. நீருக்கடி உதைப்பைப் பழக்க வேண்டுமானால் குறுகிய தூரம், போதிய ஓய்வு, அதற்கென்றே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள் மூன்றும் வேண்டும்.

மாணவர்களை எடைபோட எடை பார்க்கும் கருவியைக் குளத்தருகே கொண்டுவருவதும் ஒழிய வேண்டிய பழக்கம். உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடலில் எலும்பும் ஹார்மோன்களும் மனநிலையும் சேர்ந்தே பாதிக்கப்படும் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 2014ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொன்னது. உணவைப் பற்றிய பேச்சை ஊட்டச்சத்து நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

பெரிய போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடலைத் தேற்றுவதை டேப்பர் என்பார்கள். தூரத்தைப் பாதியாகக்கூடக் குறைக்கலாம். வேகத்தைக் குறைக்கக் கூடாது. பாதியில் பதறிப்போய் மறுபடி கடினப் பயிற்சி கொடுப்பவர்கள் பருவம் முழுக்கச் சேர்த்ததைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆள் தேர்வில் நடக்கும் தவறு சுவாரசியமானது. கல்லூரிப் போட்டிகள் 25 யார்டு குளத்தில் நடக்கின்றன. வெளிநாட்டு மாணவர்கள் பலரின் நேரங்கள் 50 மீட்டர் குளத்தில் எடுக்கப்பட்டவை. மீட்டர் நேரத்தை யார்டு நேரமாக மாற்றும் அட்டவணையில் போட்டு ஒரு எண்ணை எடுத்து முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரே ஒரு திருப்பம். 25 யார்டு குளத்தில் 100 யார்டுக்கு மூன்று. ஒவ்வொரு சுவரிலிருந்தும் 15 மீட்டர் வரை நீருக்கடியில் போக பிரஸ்ட் ஸ்ட்ரோக் தவிர்ந்த மற்ற வகைகளில் அனுமதி உண்டு. 25 யார்டு என்பது 23 மீட்டருக்கும் குறைவு. அதாவது ஒரு நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நீருக்கடியிலேயே கடக்கலாம். டால்ஃபின் உதைப்பும் (இரண்டு கால்களையும் சேர்த்து உதைப்பது) திருப்பமும் வலுவாக உள்ளவர் அட்டவணை சொல்வதைவிட வேகமாக நீந்துவார். நீண்ட கைவீச்சை மட்டும் நம்பியிருப்பவர் ஏமாற்றம் தருவார். நேரத்தை மட்டும் கேட்காமல் திருப்பத்தின் காணொளியையும் கேளுங்கள். தேசியப் போட்டியில் தனிநபர் வெற்றிக்கு 20 புள்ளி, நால்வர் சேர்ந்து நீந்தும் ரிலே வெற்றிக்கு 40 புள்ளி என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே ஒரு நட்சத்திரத்துக்காக உதவித்தொகையையெல்லாம் கொட்டிவிட்டு, ரிலேக்கு நாலாவது ஆள் இல்லாமல் தவிக்கும் அணிகள் உண்டு.

தொழில் வாழ்க்கைக்கு வருவோம். இரண்டு ஆண்டுக்கு ஒரு கல்லூரி என்று தாவுபவர்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த மாணவர் நான்காம் ஆண்டில் எப்படி நீந்துகிறார் என்பதைப் பார்ப்பதே இல்லை. தங்கள் முடிவு சரியா தவறா என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது. எடி ரீஸ் 1978இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். 1981இல் முதல் தேசியப் பட்டம். அடுத்ததற்கு 1988 வரை காத்திருந்தார். 2002க்கும் 2010க்கும் இடையிலும் பட்டம் இல்லை. 2024இல் ஓய்வுபெற்றபோது கணக்கு 15 பட்டங்கள். அவ்வளவு பொறுமை எல்லாக் கல்லூரி நிர்வாகத்துக்கும் இருக்காது என்பது வேறு விஷயம்.

நிர்வாகம் என்றதும் இன்னொன்று. அணி வேகமாக நீந்தினால் வேலை பத்திரம் என்று நினைப்பவர்கள் பட்ஜெட்டைப் படிப்பதில்லை. நீச்சல் வருமானம் தரும் விளையாட்டு அல்ல, குளத்தைப் பராமரிக்கவோ செலவு அதிகம். 2020இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆண்கள், பெண்கள் என்று இரண்டு நீச்சல் அணிகளையும் நிறுத்துவதாக அறிவித்தது. வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: குளம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, அடுத்த பெரிய பழுதுக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா, முன்னாள் மாணவர்கள் அமைத்த நிதி ஏதேனும் அணியின் பெயரில் இருக்கிறதா?